சீசன் இல்லாத ரெண்டு வருஷம்: கொடைக்கானல்ல யாரு யாரைத் தாங்குனா

கொடைக்கானல்ல ஹோட்டல் வேலை பாக்குறவங்களுக்கு வருஷம்னா அது ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான். அப்புறம் பூஜை லீவு, கிறிஸ்துமஸ், பொங்கல்னு கொஞ்சம் ஓடும், மிச்ச நாளெல்லாம் மழையைப் பாத்துக்கிட்டு ரூம்ல பூஞ்சை பிடிக்காம பாத்துக்கிறதே பெரிய வேலை. 2020ல லாக்டவுன் மார்ச் 25ஆம் தேதி ஆரம்பிச்சுச்சு, கரெக்டா எல்லாரும் சீசனுக்கு சரக்கு எடுத்து வச்சிருந்த நேரம். சாக்லேட் போடுறவங்க ஸ்லாப் வாங்கி அடுக்கி வச்சிருந்தாங்க, ஏரியைச் சுத்தி சைக்கிள் வாடகைக்கு விடுறவங்க டயர் டியூப்பெல்லாம் மாத்தி வச்சிருந்தாங்க, டிரைவருங்க வண்டிக்கு எஃப்சி எடுத்து இன்சூரன்ஸ் கட்டி முடிச்சிருந்தாங்க, எல்லாமே கடன் வாங்கித்தான், மே மாசம் அடைச்சிரலாம்ங்கிற தைரியத்துல. அந்த மே மாசம் பிரையன்ட் பூங்கால மலர் கண்காட்சியே நடக்கல.

நான் அப்போ ஏரிக்குப் பக்கத்துல ஒரு நடுத்தர ஹோட்டல்ல ஃப்ரண்ட் ஆபீஸும் பர்ச்சேஸும் சேத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். (இங்க இருக்கிற அளவான ஹோட்டல்ல எல்லாருக்கும் ரெண்டு வேலைதான்.) நெருக்கடி வந்தப்ப ஊரே ஒண்ணு கூடுச்சுன்னு எழுதுறது சுலபம். கூடுச்சு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எது நெசமாவே ஒரு கடையைக் காப்பாத்துச்சு, எது போட்டோவுக்கு மட்டும் நல்லா இருந்துச்சுங்கிறது பில்லைப் பாத்து பணம் குடுக்கிற சீட்ல உக்காந்திருந்தவனுக்கு வேற மாதிரி தெரியும்.

அதுக்கு முன்னாடி எங்களுக்கு இருந்த ஒரே அனுபவம் கஜா புயல்தான். 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் கரையேறி மேக்க நகந்து மலை வரைக்கும் வந்துச்சு, மரமெல்லாம் சாஞ்சு ரோடு அடைஞ்சு கரண்ட் போய், ஊரே இருட்டுல கெடந்துச்சு. அப்போ உதவின்னா என்னன்னு எல்லாருக்கும் தெளிவா தெரிஞ்சுது, ரம்பம் வச்சிருக்கிறவன் மரத்தை அறுத்தான், ஜெனரேட்டர் வச்சிருந்த ஹோட்டல்ல பக்கத்துக் கடைக்காரங்க போன் சார்ஜ் போட்டுக்கிட்டாங்க, ரோடு திறந்ததும் மெல்ல டூரிஸ்ட் வந்துட்டாங்க. 2020ல அறுக்குறதுக்கு மரம் எதுவும் விழல. ரோடு நல்லா இருக்கு, ஏரி நல்லா இருக்கு, கடையில சரக்கு நிறைய இருக்கு, ஆள்தான் வரக்கூடாது. இந்த மாதிரி நெருக்கடிக்கு என்ன உதவி பண்ணணும்னு மொதல்ல யாருக்கும் பிடிபடல, அதனால எல்லாரும் தெரிஞ்சதைப் பண்ணாங்க, அஞ்சு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய்னு பை கட்டிக் குடுத்தாங்க. தப்பே இல்ல, பல வீட்ல அடுப்பு எரிஞ்சதே அதனாலதான். ஆனா அது வீட்டுக்கான உதவி, தொழிலுக்கு அது போதாது.

தொழிலுக்கு மொத உதவி என்னன்னு எனக்குச் சொன்னது எங்களுக்கு முட்டை போடுற பெரியவர். போன் பண்ணி ரொம்ப தயங்கித்தான் பேசினாரு, "தம்பி, நீங்க உதவியெல்லாம் ஒண்ணும் பண்ண வேணாம், ஜனவரியில இருந்து நிக்கிற பாக்கியை மட்டும் குடுங்க, நான் பொழச்சுக்குவேன்" அப்படின்னாரு. எங்க ஊர்ல ஹோட்டல்காரங்க ஓட்டுறதே சப்ளையர் காசுலதான், பாலு, முட்டை, காய்கறி, லாண்டரி, பூ, எல்லாமே ரெண்டு மாசம் மூணு மாசம் பாக்கி நிக்கும், சீசன் முடிஞ்சு மொத்தமா செட்டில் பண்ணுவோம், யாரும் அதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. லாக்டவுன் வந்த உடனே பெரும்பாலான இடத்துல மொதல்ல நிறுத்துனது இந்த பேமெண்ட்டைத்தான். அதாவது ஒரு பக்கம் நிவாரணப் பை குடுத்துட்டு இன்னொரு பக்கம் அதே ஆளோட காசை நாம வச்சிருக்கோம். குறு சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006லயே சட்டம் இருக்கு, ஆனா பதிவு பண்ணுன நிறுவனம்னாத்தான் அதைக் காட்டிக் கேக்க முடியும், டிவிஎஸ் எக்ஸ்எல்ல முட்டை அட்டை கட்டிக்கிட்டு வர்றவருக்கு அதெல்லாம் எங்க. எங்க முதலாளி கையிலயும் அப்போ பெருசா ஒண்ணும் இல்லை, இருந்தாலும் சின்ன சப்ளையருங்க பாக்கியை மொதல்ல முடிச்சிருவோம், பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்லாம் காத்திருக்கட்டும்னு முடிவெடுத்தாரு. அந்த ரெண்டு வருஷத்துல எங்க ஹோட்டல் பண்ணுன உருப்படியான காரியம் அதுதான்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன், யாரும் அதை போட்டோ எடுக்கல.

அடுத்தது சரக்கு. சாக்லேட்டோட கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கடையில ஹோம்மேட்னு விக்கிறது பாதிக்கு மேல வெளியில இருந்து வர்ற ஸ்லாப்பை உருக்கி அச்சுல ஊத்தி முந்திரி, பாதாம், திராட்சை போட்டு எடுக்கிறதுதான், அதைப் போடுறது நிறைய வீட்டுப் பொம்பளைங்க. போட்டு ரொம்ப நாள் ஆச்சுன்னா மேல வெள்ளையா பூத்துரும், பருப்பு சிக்கு வாசம் அடிக்கும். எங்களுக்கு சாக்லேட் குடுக்கிற அக்கா வீட்ல பெட்டி பெட்டியா இருந்துச்சு. கூரியர் ஓட ஆரம்பிச்ச உடனே எங்க பழைய கெஸ்ட்டுங்க நம்பருக்கெல்லாம் மெசேஜ் போட்டு ஆர்டர் எடுக்கலாம்னு நினைச்சோம், அந்தக்காதான் சிரிச்சுக்கிட்டே, "மே மாசம் மதுரை வெயில்ல இது போய்ச் சேரும்போது பாயாசமா இருக்கும் தம்பி" அப்படின்னாங்க. அதுக்கப்புறம்தான் கெட்டுப்போகாத சரக்கா யோசிச்சோம், மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம், மிளகு, காப்பித்தூள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வெளையுற பூண்டுக்கு 2019லதான் புவிசார் குறியீடு கிடைச்சிருந்துச்சு, புகை போட்டு கட்டித் தொங்கவிட்டா மாசக்கணக்கா இருக்கும், காரமும் மருந்து வாசனையும் தரைப் பூண்டுல வராது. அந்தக்கா சாக்லேட்டை விட்டுட்டு பூண்டை சுத்தம் பண்ணி பேக் பண்ற வேலையை எடுத்துக்கிட்டாங்க, சாக்லேட் டப்பாவுலயே பூண்டு போச்சு.

இதுல நான் கவனிச்சது, ஆர்டர் போட்டது முக்கால்வாசி எங்ககிட்ட ரெண்டு மூணு தடவை வந்து தங்கிப்போன குடும்பங்கதான். புது ஆளுங்க விலை கேட்டுட்டு போயிட்டாங்க. ஹோட்டலோட சொத்துன்னா ரூமும் ஏரி வியூவும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், கடைசியில செக்கின் ரெஜிஸ்டர்ல இருந்த போன் நம்பருங்கதான் ஊருக்குச் சோறு போட்டுச்சு. இதே ஆளுங்ககிட்டதான் சீசனுக்குக் கட்டுன அட்வான்ஸையும் திருப்பிக் கேக்காதீங்க, அடுத்த தடவை வந்து கழிச்சுக்கங்கன்னு பேச வேண்டியிருந்துச்சு. நிறைய பேரு சரின்னாங்க. சிலரு தங்களுக்கே வேலை போச்சுன்னாங்க, அவங்களுக்கு உடனே திருப்பிப் போட்டோம், அதுல பேரம் பேசுறது அநியாயம்.

டிரைவருங்க கதை வேற. டூரிஸ்ட் வண்டி ஓடாட்டியும் டியூ ஓடும். ரிசர்வ் பேங்க் 2020 மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணை கட்டாம இருக்கலாம்னு சொல்லுச்சு, ஆனா வட்டி நிக்கல, அது ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, பல பேருக்கு செப்டம்பர்லதான் அது உறைச்சுது. நல்லா யோசிச்ச டிரைவருங்க வண்டியோட பின் சீட்டைக் கழட்டிட்டு கேரட்டும் பீன்சும் ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்குனாங்க, காய்கறிக்கு பாஸ் கிடைச்சுது. மேல வரும்போது மருந்து, மளிகைன்னு ஊருக்குத் தேவையானதை ஏத்திட்டு வந்தாங்க. நாங்க அவங்களுக்குப் பண்ணுனது ரொம்ப சின்னது, எங்க கிச்சன் குடோனை காய் இறக்கி வைக்கத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஒரு டிரைவர் தம்பி சொன்னான், "அண்ணே, டூரிஸ்ட்டாவது கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுப்பான், கேரட் சத்தமில்லாம வருது". இப்பவும் அவன் ஆஃப் சீசன்ல காய்தான் ஏத்துறான்.

மனசுக்கு ஒப்பாத பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஹோட்டலுக்கு அசோசியேஷன் இருக்கு, டாக்சிக்கு ஸ்டாண்டு இருக்கு, கடைக்காரங்களுக்குச் சங்கம் இருக்கு, அதனால பேரு லிஸ்ட்ல இருந்துச்சு, பாஸ் வந்துச்சு, பை வந்துச்சு. ஏரியோரம் குதிரை ஓட்டுறவங்க, சோளம் சுடுறவங்க, பில்லர் ராக்ஸ்கிட்ட தொப்பியும் ஸ்வெட்டரும் கையில வச்சு விக்கிறவங்க, வட்டக்கானல்ல டெண்டு தூக்கிக்கிட்டு வழிகாட்டப் போற பசங்க, இவங்கல்லாம் எந்த லிஸ்ட்லயும் இல்லை. அரிசி கார்டுக்கு அரசாங்கம் குடுத்த ஆயிரம் ரூபா வந்துச்சு, கார்டு வேற ஊர்ல இருந்தவங்களுக்கு அதுவும் இழுபறிதான். 2020 ஜூன்ல தெருவோர வியாபாரிகளுக்குன்னு ஸ்வநிதி திட்டத்துல 10,000 ரூபா கடன் வந்தப்ப சோளக்கடைக்காரங்க சில பேரு வாங்குனாங்க, குதிரைக்காரரு எந்தக் கணக்குல வருவாருன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. மனுஷன் ஒரு வேளை கஞ்சி குடிச்சுட்டு படுத்துருவான், குதிரைக்கு கொள்ளும் தவிடும் தினம் வேணும்ல, அதுக்கு லாக்டவுன்னு சொன்னாப் புரியுமா. கொஞ்சம் ஹோட்டல்காரங்க சேந்து தீவனம் வாங்கிப் போட்டோம், ஆனா அது யாரோ ஒருத்தருக்கு ஞாபகம் வந்ததால நடந்தது, ஏற்பாடுன்னு எதுவும் இல்லை.

செப்டம்பர்ல இ-பாஸோட டூரிஸ்ட் விட ஆரம்பிச்சாங்க, பொங்கலுக்குள்ள ஊரு பழைய மாதிரி ஆயிருச்சுன்னே நினைச்சோம். அந்த நம்பிக்கையிலதான் எல்லாரும் மறுபடி கடன் வாங்கி 2021 சீசனுக்கு சரக்கு எடுத்தாங்க. ஏப்ரல் 20ல இருந்து நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூணுக்கும் சுற்றுலாத் தடைன்னு அறிவிப்பு வந்துச்சு. என்னைக் கேட்டா மொத வருஷத்தை விட இதுதான் மோசமான அடி, ஏன்னா மொத தடவை சேமிப்பு இருந்துச்சு, நகை இருந்துச்சு, தானம் பண்றவங்களுக்கும் உற்சாகம் இருந்துச்சு. ரெண்டாவது தடவை எல்லாரும் களைச்சுப் போயிருந்தாங்க, குழு லோன் வசூல்காரரு வாசல்ல வந்து நிக்கிறாரு, ஊர்ல சாவு வேற. பூண்டு ஆர்டர் மட்டும் நிக்காம வந்துச்சு, ஏன்னா அது அதுக்குள்ள ஒரு வியாபாரமா ஆயிருந்துச்சு, அனுதாபத்துல வாங்குறவங்க அப்போ யாரும் இல்லை. ஆர்டரா நின்னது ஓடுச்சு, உதவியா நின்னது வத்திருச்சு.

2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல மறுபடி இ-பாஸ் வந்தப்ப ஊர்ல பாதிப் பேருக்கு பழைய பயம் வந்துச்சு. கேன்சல் போன் வந்துக்கிட்டே இருந்துச்சு, பாஸ் கிடைக்காதுன்னு யாரோ கிளப்பி விட்டிருந்தாங்க. அப்ளை பண்ணுனா உடனே கிடைக்குதுன்னு ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் சொல்லிச் சொல்லியே தொண்டை போச்சு, ஃப்ரண்ட் ஆபீஸ் பசங்களே கெஸ்ட் வண்டி நம்பரை வாங்கி பாஸ் எடுத்துக் குடுத்தாங்க, நாங்க மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கிற காட்டேஜ்காரங்களும் அதையேதான் பண்ணாங்க. 2025 சீசனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு வரம்பும் வச்சாங்க, வார நாள்ல 4,000, சனி ஞாயிறு 6,000. மலை தாங்காதுங்கிறது உண்மைதான், மே மாசம் ஏரி ரோட்டுல ஒரு மணி நேரம் நின்னு பாத்தவன் யாரும் அதை மறுக்க மாட்டான். ஆனா வண்டி குறையும்போது ரூம் வச்சிருக்கிறவன் ரேட்டை ஏத்தி சமாளிச்சுக்குவான், சோளம் சுடுறவங்க சோளத்துக்கு என்ன ரேட் ஏத்த முடியும்.

அசோசியேஷன் மீட்டிங் போறப்பல்லாம் நான் ரெண்டு விஷயம் கேக்குறேன். ஒண்ணு, சின்ன சப்ளையருக்கு வாரா வாரம் செட்டில் பண்ணணும்னு எல்லா ஹோட்டலும் ஒத்துக்கணும், இதுக்கு தலையாட்டுறாங்க, நாலஞ்சு இடத்துல நடக்கவும் செய்யுது. ரெண்டாவது, சங்கம் இல்லாதவங்க பேரு, போன் நம்பர், என்ன தொழில், வீட்ல எத்தனை பேருன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கணும், அடுத்த தடவை ரோடு அடைச்சா அந்த நோட்டைப் பாத்து மொத போன் அவங்களுக்குப் போகணும். இதை யாரு போய் எழுதுறதுங்கிற இடத்துல பேச்சு நின்னுருது. போன தடவை ஒருத்தர் நீங்களே எழுதுங்களேன்னாரு. சரின்னுட்டேன், இப்போதைக்கு குதிரைக்காரங்க பக்கம் முடிஞ்சிருக்கு, அடுத்து பில்லர் ராக்ஸ் பக்கம் போகணும், அங்க ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்க, அதுதான் கஷ்டம்.