கரை நோட்டு

2009-ல் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை கிராமத்து நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராக மாறுதலாகி வந்தேன். எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். கண்மாயும் ஊரணியும் சீமைக் கருவேலமும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போய் முங்கிவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். சேர்ந்த இரண்டாவது வாரமே பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் குழுவான தேசிய பசுமைப் படையின் பொறுப்பு என் கைக்கு வந்தது. புதிதாக வருகிற அறிவியல் ஆசிரியருக்கு அது வந்துவிடும், எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான்.

முதல் வேலை மரக்கன்று. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய தேதி அது, அதனால் அந்த நாள். அங்கே அது மரம் துளிர்த்துப் பச்சை கட்டி நிற்கிற பருவம். நமக்கோ கச்சான் என்கிற மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற காலம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்கிற தண்ணீரையே குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்குகிற ஊர். அந்த மாதத்தில் கொன்றையும் நெட்டிலிங்கமும் கொண்டுவந்து நட்டோம், போட்டோ எடுத்து அனுப்பினோம், ஆகஸ்டுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் அதே குழிகளைத் தோண்டி மறுபடி நட்டோம். மூன்றாவது வருடம் குழி தோண்டும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சார், எங்க அப்பத்தா புரட்டாசியிலதான் பனங்கொட்டை ஊன்றும். ஐப்பசி மழையில அதுவா வந்துரும். தண்ணியே கேக்காது."

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. எங்கள் ஊரிலும் கண்மாய்க் கரையில் பனை அப்படித்தான் வந்தது. ஆனால் ஆசிரியராக நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றறிக்கையில் இருக்கிற தேதிதான் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, நம்ம மழை தெரியவில்லை. அந்த வருடம் புரட்டாசியில் பள்ளிக்குப் பின்னால் பனங்கொட்டை ஊன்றினோம். பனை ஆமை வேகத்தில் வளரும், போட்டோவில் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்றைக்கும் நிற்கிறது.

ஒரு பணியிடைப் பயிற்சியில்தான் திபிலிசி மாநாடு பற்றி முதன்முதலில் கேட்டேன். 1977 அக்டோபரில், அப்போது சோவியத் யூனியனில் இருந்த ஜார்ஜியாவில், யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து சுற்றுச்சூழல் கல்விக்கென்றே நடத்திய மாநாடு. இந்தக் கல்வி எதற்காக என்று அது ஐந்து படிகளாகச் சொல்கிறது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நாங்கள் அதுவரை செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தால் பேரணி, கோலம், ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, உறுதிமொழி என்று எல்லாமே முதல் படியிலேயே நிற்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, வானத்தையும் நீவாட்டையும், அதாவது கடல் நீரோட்டத்தையும், பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையனுக்குத்தான் நான் கடலைப் பற்றி விழிப்புணர்வு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் தெரியும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று தெரியும், பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் ஏன் சொல்கிறார்கள் என்று எனக்கே அவன்தான் விளக்கினான். அவனுக்கு இல்லாதது விழிப்புணர்வு இல்லை. அந்தக் கடலைப் பற்றி எடுக்கிற எந்த முடிவிலும் அவனுக்கோ அவன் வீட்டுக்கோ ஒரு வார்த்தை சொல்ல இடம் இல்லை, அதுதான் இல்லாதது. இதை நான் புரிந்துகொண்டது ஒரு கெட்ட அனுபவத்தில்தான்.

எட்டாம் வகுப்பு. கடல்வாழ் உயிரினங்கள் பாடம். 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது, ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், கடல் பசு, பவளம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடலடி மணலில் கிடக்கிற கடல் அட்டைக்கு வந்தேன். 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், பிடிப்பது குற்றம், சிறை என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "சார், எங்க தாத்தா காலத்துல அட்டை எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லலையாம். அக்கரையில இலங்கையில இப்பவும் எடுக்கிறாங்களாம், பண்ணை வெச்சு வளர்க்கிறாங்களாம். இங்க எடுத்தா மட்டும் எங்க அப்பா திருடனா சார்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் சட்டம்தான் தம்பி என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான், பேசவில்லை. என் பணிக்காலத்தில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புகிற வாக்கியம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்தப் பாடத்தை அப்புறம் வேறு மாதிரி எடுக்க ஆரம்பித்தேன். சட்டத்தில் தொடங்குவதில்லை. வயலில் மண்புழு என்ன செய்கிறதோ அதைக் கடலடியில் அட்டை செய்கிறது, மணலை விழுங்கி அதில் இருக்கிற மக்கலைத் தின்றுவிட்டு மணலைச் சுத்தமாக வெளியே தள்ளுகிறது, அது இல்லாத தரை நாற்றமெடுக்கும் என்பதில் தொடங்குகிறேன். காய்ந்த அட்டைக்கு வெளிநாட்டில் என்ன கிராக்கி, அந்த விலையில் வள்ளக்காரனுக்கு எவ்வளவு வருகிறது, ஏற்றுமதிக்காரனுக்கு எவ்வளவு போகிறது என்று பிள்ளைகளையே பேச வைக்கிறேன். அக்கரையில் ஏன் அனுமதி, இங்கே ஏன் தடை என்ற கேள்வியையும் ஒளிக்காமல் வைக்கிறேன். தடை வந்தால் அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு என்ன வழி என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி என்று சொல்கிறேன். சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் அப்பாவைக் குற்றவாளியாக்கிவிட்டு அந்தப் பிள்ளைக்குக் கடலைக் காப்பாற்றச் சொல்லித்தர முடியாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சில பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிடிபட்டது. அந்த நாட்களில் கடல் நன்றாக வற்றும், அம்மாக்கள் கடல் பாசி எடுக்கப் போவார்கள், பெரியவள் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி எடுப்பார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிற வேலை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பத்தாவை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டேன். "எனக்கு என்னப்பா தெரியும், நான் பள்ளிக்கூடம் மிதிக்காதவ" என்று வெகுநேரம் மறுத்தார். வந்து உட்கார்ந்ததும் முக்கால் மணி நேரம் பேசினார். பாசியை வேரோடு சுரண்டினால் அடுத்த தடவை அந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒன்றும் இருக்காது, கையால் மேலாகப் பறித்தால் திரும்ப வரும். மாதத்தில் இத்தனை நாள்தான் போவது என்று பெண்களே கூடிப் பேசி முடிவு செய்துகொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இப்படிப் பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காகத்தான் 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருதைப் பெற்றார். நீடித்த பயன்பாடு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வரும். அன்றைக்கு அந்த இரண்டு வரியை நான் நடத்தவே தேவைப்படவில்லை.

தனுஷ்கோடிக்கு வருடம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். 1964 புயல் கதை அவர்களுக்கு மனப்பாடம், அதைச் சொல்லப் போவதில்லை. இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கல்லில் பூப்பூவாய்த் தெரிவது பவளம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் வீடும் சுவரும் கட்டியது, சுண்ணாம்பு சுட்டது எல்லாம் கடலில் இருந்து பெயர்த்த பவளத்தில்தான். அப்படி அளவில்லாமல் எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. 21 என்று புத்தகத்தில் எண்ணுகிறோம், அதில் இரண்டை இன்றைக்குக் காட்ட முடியாது. ஒரு பையன் சுவரில் கை வைத்தபடியே கேட்டான்: "அப்ப நாமதான் தீவை எடுத்து வீடு கட்டியிருக்கோமா சார்?" ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பசுமைப் பள்ளி என்று உலகத்தில் பல நாடுகளில் நடக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது, ஈகோ ஸ்கூல்ஸ். 1994-ல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் நான்கு நாடுகளில் தொடங்கியது. ஏழு படிகள், முடித்தால் பச்சைக் கொடி. கொடி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அதன் முதல் இரண்டு படி பிடித்திருந்தது: பிள்ளைகளே உட்கார்ந்திருக்கிற ஒரு குழு, அப்புறம் அந்தக் குழுவே தன் பள்ளியைச் சுற்றிப் பார்த்து என்ன நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது. செடி நடுவதற்கு முன்னால் கணக்கு. சரி, நாமும் எடுத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். பள்ளிக்கூட வளாகத்தில் எண்ண ஆரம்பித்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் கரைக்குப் போய்விட்டார்கள், குப்பை அங்கேதான் இருக்கிறது என்றார்கள்.

அப்படி வந்ததுதான் கரை நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் போய்ப் பார்த்ததை எழுதுவார்கள். தேதி, காற்று, கடல் வற்றலா ஏற்றமா, ஒதுங்கிக் கிடந்தது என்ன. நைலான் வலைத்துண்டு, தெர்மாகோல், தண்ணீர் பாக்கெட், சொறி என்கிற ஜெல்லி மீன், ஒருநாள் கழுத்தில் வலை இறுகிச் செத்த ஆமை. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பை குறைந்ததா என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைப் பை கொஞ்சம் குறைந்திருந்தது, வலைத்துண்டு குறையவே இல்லை. தடைப் பட்டியலில் வலை இல்லையே சார் என்று சொன்னது அவர்கள்தான்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஏழு பிள்ளைகள் ஊர்க்கூட்டத்துக்குப் போனார்கள். நான் பின்னால் நின்றேன். அறுந்த வலையைக் கரையில் போடாமல் ஒரே இடத்தில் போட ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் நமக்குச் சொல்ல வந்துட்டாங்களா என்று ஒருவர் எரிச்சல்பட்டார். ஒரு பெரியவர் நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார், ஆமை செத்த பக்கத்தில் நின்றார், தேதியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு யார் யார் வலை விட்டது என்று அவரே விசாரிக்க ஆரம்பித்தார். படகுத் துறையில் இரண்டு டிரம் வைத்தார்கள். ஒன்றைக் காற்றுக் காலத்தில் கடல் கொண்டுபோய்விட்டது. மற்றது நிற்கிறது, நிறைகிறது, ஆனால் நிறைந்த வலையை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. அன்றைக்கு அப்பா திருடனா என்று கேட்டவன் படித்து முடித்து, இப்போது சொந்த வள்ளத்தில் போகிறான். போன மாதம் ஒரு சாக்கை வகுப்பு வாசலில் போட்டுவிட்டுப் போனான், கடலுக்குள் பார் மேல் சுற்றிக் கிடந்த பழைய வலையாம். நோட்டில் எழுதப் பிள்ளைகள் கேட்டபோது இடத்தைச் சொல்லியிருக்கிறான், எவ்வளவு ஆழம் என்றும் சொல்லியிருக்கிறான். கரையில் கண்டதை மட்டும்தான் எழுதுவோம் என்று ஒருத்தி தகராறு செய்தாளாம், கடைசியில் கடலுக்குள் கண்டதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டுவிட்டார்கள்.