102 குதிரையும் துன் சார்டோன் மேடும்

பெரோடுவா மைவி 1.5 காருக்கு 102 குதிரைத்திறன் என்று ஷோரூமில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த 102 கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போதுதான். பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போய்வருபவர் சுற்றுமானி முள்ளை 6,000 வரை எத்தனை தடவை ஏற்றுவார்? காலை ஜாமில் அது 2,000-ஐச் சுற்றியே ஊர்ந்துகொண்டிருக்கும்.

கணக்கு எளிது. எஞ்சின் தண்டைத் திருகும் பலமான முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கி, 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். மைவி 1.5-இன் உச்ச முறுக்குவிசை 137. அது வருவது 4,200 சுற்றில். வகுத்தால் 81 குதிரை. 2,000 சுற்றில் அந்த 137 முழுசாகக் கிடைத்தாலே 39-ஐத் தாண்டாது. நிஜத்தில் அதுவும் கிடைக்காது. தினமும் நீங்கள் ஓட்டுவது இந்த முப்பத்துச் சொச்சக் குதிரைகளைத்தான்.

இதனால்தான் பெரோடுவாவின் அத்திவா 1.0 டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் வகை) 97 குதிரையோடு மைவிக்குக் கீழே நின்றாலும் பினாங்குப் பாலத்தில் ஏறி வண்டிகளோடு கலக்கும்போது தெம்பாக இருக்கிறது. அதன் 140 நியூட்டன் மீட்டர் 2,400 சுற்றிலேயே வந்து 4,000 வரை நிற்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் டர்போ விழிக்கும்வரை ஒரு நொடி சோம்பல் தெரியும். நம் ரோட் டேக்ஸ் குதிரையைப் பார்ப்பதில்லை, சிசியைத்தான் பார்க்கிறது: தீபகற்பத்தில் ஒரு லிட்டருக்குள் 20 ரிங்கிட், 1.5-க்கு 90. டர்போ வாங்குபவருக்கு இது சத்தமில்லாத லாபம்.

எடைதான் அடுத்தது. பெரோடுவாவின் சின்ன வண்டியான 67 குதிரை ஆக்சியாவை ஒருவர் ஓட்டினால் ஊருக்குள் குறையே தெரியாது. ஐந்து பேர் ஏறினால் ஆட்களின் எடையே முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில் வளைவுக்காக மணிக்கு 25 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்: எஞ்சின் அலறும், வண்டி யோசிக்கும். கெந்திங் மலை இன்னும் மோசம். 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். ஏர்கோனும் தன் பங்குக்குச் சில குதிரைகளைத் தின்னும்.

ஆகவே டெஸ்ட் டிரைவில் சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் ஏமாறாதீர்கள். பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, ஏர்கோனை முழுசாகப் போட்டு, மேட்டில் 30-லிருந்து 60 வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பிறகு நெடுஞ்சாலையில் 60-லிருந்து 90. பூஜ்யத்திலிருந்து நூறு யாருக்கு வேண்டும்?

நேற்றுவரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால் பட்டறைக்கு ஓடுமுன் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் மிதித்தவுடன் வண்டி தயங்கும், ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கும். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். உள்ளிருக்கும் தகட்டை விரலால் பலவந்தமாகத் தள்ளினால் அதைத் திருப்பும் மின் மோட்டார் கெட்டுவிடலாம். துடைத்தபின் ஐட்லிங் கொஞ்சம் ஆடினால் பயப்படாதீர்கள், கணினி புதிய அளவைப் பழகும். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தால் மேட்டில் மிதிக்கும்போது வண்டி விக்கும்.

சிவிடியில் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் ஆட்டோ கியர்பாக்ஸ்) மிதித்தவுடன் சுற்று முந்திக்கொண்டு ஏறுவது இயல்பு, நோயல்ல. வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும்போதும் முள் ஏறி இறங்கினாலோ, மெல்லக் கிளம்பும்போது உதறல் வந்தாலோதான் கவலை. அப்போது எண்ணெயைப் பாருங்கள். சிவிடிக்குச் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கியர்பாக்ஸே போய்விடும்.

கடைசியாகச் சக்கரம். இருபது நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கோளாறுகள் எதற்கும் ரோன் 97 பெட்ரோல் ஊற்றிப் பயனில்லை. 95-க்கென்று செய்த எஞ்சினுக்கு அது பெரும்பாலும் வீண் செலவு.