கண் முகாம் குறிப்பேடு: ஆடி முதல் புரட்டாசி வரை

30 ஜூலை 2023, ஞாயிறு

முகாம் ஆகஸ்ட் 27 என்று முடிவாயிற்று. கரிசல் காட்டில் கோடை உழவு முடிந்து, புரட்டாசி மழைக்கு வானம் பார்த்திருக்கும் நேரம் அது. விதைப்பு தொடங்கிவிட்டால் பெரியவர்களைக் கூட்டிவர வீட்டில் ஆள் இருக்காது. தை, மாசி என்றால் மிளகாய்ப் பழம் எடுப்பு. அப்போதும் யாரும் வர மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தை நாடாவோடு போய் அளந்தாயிற்று. பார்வை அட்டைக்கும் உட்காருபவருக்கும் நடுவே 6 மீட்டர், அதாவது 20 அடி நேராக வேண்டும். இடையில் ஆள் குறுக்கே நடக்கக் கூடாது. வடக்கு வராந்தா சரியாக இருக்கிறது. அட்டைமேல் வெயில் விழாது. டாக்டர் பார்க்க இருட்டறை இரண்டு தேவை. ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து நான்கு பக்கமும் ஆணி அடிக்க வேண்டும். வாசலில் மூன்று படி இருக்கிறது, கைப்பிடி கிடையாது. சவுக்குக் கம்பு கட்டியாக வேண்டும்.

மருத்துவமனைக்கும் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துக்கும் கடிதம் போய்விட்டது.

8 ஆகஸ்ட், செவ்வாய்

நோட்டீஸ் வாசகத்துக்கே ஒரு மாலை போயிற்று. ‘கண்புரை’ என்று அச்சடித்தால் பாதிப் பேருக்குப் புரியாது. ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்றால் எல்லாருக்கும் புரியும், ஆனால் அதில் ஒரு சிக்கல். புரை என்பது கண் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம். முள் குத்தியோ, நெல் உமி பட்டோ, பச்சிலைச் சாறு விட்டோ கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பையும் ஊரில் பூ என்றுதான் சொல்கிறார்கள். லென்ஸ் வைப்பதால் அது போகாது. அதனால் இரண்டு சொல்லையும் போட்டு, ‘டாக்டர் பார்த்துச் சொல்வார்’ என்று முடித்தோம்.

கொண்டுவர வேண்டியவை பெரிய எழுத்தில்: ஆதார் நகல், வீட்டாரின் போன் நம்பர், பழைய கண்ணாடி, தினமும் சாப்பிடும் மாத்திரை அதன் சீட்டோடு, ஆபரேஷனுக்கு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மூன்று நாளைக்கு மாற்றுத் துணி. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக: ‘காலைச் சாப்பாடு சாப்பிட்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு வரவும்.’ ஆபரேஷன் என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுவதும், பிரஷர் ஏறித் திரும்பிப் போவதும் அதனால்தான்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

நோட்டீஸ் பார்த்து வருகிறவர்கள் நடமாட்டம் உள்ளவர்கள். உண்மையில் வர வேண்டியவர் திண்ணையை விட்டு இறங்காதவர். அவரைத் தேட வீடு வீடாகத்தான் போக வேண்டும். பால் சொசைட்டியிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் விசாரித்தால், எந்த வீட்டில் பெரியவர் தட்டுத் தடுமாறுகிறார் என்று பெண்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

“கண்ணு தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுதுய்யா” என்றுதான் பதில் வரும். “பாட்டி, இரை போடறப்ப கோழி கண்ணுல தெரியுதா, சத்தந்தான் கேக்குதா?” என்று கேட்க வேண்டும். இன்று ஒரு பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சத்தந்தாம்மா” என்றார்.

‘முத்தினால்தான் எடுக்கணும்’ என்ற பேச்சு இன்னும் நிற்கிறது. உள்ளே லென்ஸ் வைக்காத காலத்து வழக்கம் அது. இப்போது அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மிகவும் முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, சிவந்து, தலைவலியும் வாந்தியுமாகி, பார்வையே போய்விடலாம்.

பல வீடுகளில் தடை பயமல்ல. பேரப்பிள்ளையை யார் பார்ப்பது, மாட்டை யார் பிடித்துக் கட்டுவது என்பதுதான். மூன்று நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்காவோ மதினியோ பார்த்துக்கொள்வதாக அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் பெயர் எழுத வேண்டும்.

26 ஆகஸ்ட், சனி

ஆட்டோ மைக் நேற்றும் இன்றும் சுற்றியது. மதியத்துக்கு 150 பேருக்கு சாம்பார் சாதம். கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று 15 கிலோ அரிசி, அரிசி கிலோவுக்குக் கால் கிலோ துவரம் பருப்பு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இட்லியும் பொடியும் பொட்டலமாக. தயிர்சாதம் கட்டவே கூடாது, சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 15. ஜெனரேட்டரை அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தாயிற்று.

27 ஆகஸ்ட், ஞாயிறு

வரிசை இப்படி: பெயர்ப் பதிவு, அட்டையில் பார்வை சோதனை (படிக்காதவர்களுக்கு நாலு பக்கமும் திருப்பிய ஆங்கில ‘ஈ’ (E) எழுத்து, அது பார்க்கும் பக்கம் கையைக் காட்டினால் போதும்), முதல் டாக்டர், கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதை, பிரஷர், சர்க்கரை, கடைசியாகப் பெரிய டாக்டர். நெரிசல் பதிவு மேஜையில்தான். மூன்று மேஜை போட்டும் ஒன்பதரைக்குத் திணறியது. அடுத்த முறை ஐந்து.

வெள்ளெழுத்துக்கு வந்தவர்களே அதிகம். நாற்பது தாண்டினால் வருவதுதான். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை என்று வந்தவர்கள் கண்ணாடியோடு போனார்கள்.

ஆபரேஷனுக்குத் தேறாமல் திரும்பியவர்களின் பட்டியல் தனியாக எழுதப்பட்டது: பிரஷர், சர்க்கரை, கண்ணீர்ப்பை அடைப்பு, விடாத இருமல், காலில் ஆறாத புண். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் கிருமி போய்விடும். இருமினால் கத்தி வைத்த நேரத்தில் தலை ஆடும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், ‘போனேன், வேண்டாம்னு சொல்லிட்டாங்க’ என்று தெருவெல்லாம் பரவி, அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவே வராது.

பஸ் மூன்றரைக்குக் கிளம்பியது. பெயர்ப் பட்டியல் மூன்று பிரதி: ஒன்று பஸ்ஸில், ஒன்று மருத்துவமனைக்கு, ஒன்று இங்கே. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே ஆபரேஷன் நடந்தது. கிருமி தொற்றும் ஆபத்தால் இப்போது சோதனை மட்டுமே முகாமில். மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்துக்குப் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தில் விரல்கள் வளைந்தபின் கத்தி பிடிக்கப் பழகியவர். கண் முகாம் என்ற சொல் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

30 ஆகஸ்ட், புதன்

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். பஸ் நின்ற இடத்திலேயே, சொட்டு மருந்து விடப்போகிற மருமகளையோ பேத்தியையோ கூப்பிட்டு ஒரு முறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரியவரைப் படுக்க வைத்து, கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு குழி விழும். அதில் ஒரே சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி.

தலைக்குக் குளிப்பதற்கும், விறகு அடுப்புப் பக்கம் போவதற்கும், குடம் தூக்குவதற்கும் டாக்டர் சொல்லும் வரை தடை. முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். வலி கூடினால், கண் சிவந்தால், தெரிந்த பார்வை மங்கினால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இருந்தால் கிருமி உள்ளே பரவிக் கண் போய்விடும். போன் நம்பரை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைக்கச் சொன்னோம், சீட்டு தொலைந்துபோகிறது.

1 அக்டோபர், ஞாயிறு

மறுபரிசோதனை. வராதவர் இருவர், இருவர் வீட்டுக்கும் பைக் போயிற்று. ஒருவர் நன்றாகத் தெரிகிறதென்று மருந்தை இரண்டாம் வாரமே நிறுத்தியிருந்தார், கண் லேசாகச் சிவந்திருந்தது. டாக்டர் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

கோழிச் சத்தம் சொன்ன பாட்டி இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் ஐந்தாவது வரி வரை கையைக் காட்டினார். இடது கண்ணுக்கு அடுத்த முகாம் பட்டியலில் பெயர் ஏறியது. மாட்டை யார் பார்ப்பது என்று அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.