ஜெயில்ல இருக்குற தம்பிய போலீஸ் கஸ்டடி எடுத்தப்போ நாங்க பண்ணது

என் தம்பி ஒரு திருட்டு பைக் கேஸ்ல ரிமாண்ட் ஆகி திருச்சி மத்திய சிறையில இருந்தான். ஒரு நாள் ஜெயில்ல மனு போட்டு அவனைப் பாக்கப் போனப்ப அவன்தான் சொன்னான், அக்கா வேற மாவட்டத்துல இருந்து போலீஸ் வந்தாங்க, பழைய கேஸ் ஒண்ணுல என்னையும் சேத்து ஜெயிலுக்குள்ளயே ஃபார்மல் அரெஸ்ட், அதாவது அந்த கேஸ்லயும் கைதுன்னு பேப்பர்ல காட்டிட்டாங்க, அடுத்து பி.டி. வாரண்ட் வரும்னு உள்ள இருக்கவங்க சொல்றாங்கன்னு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. 2020ல சாத்தான்குளத்துல போலீஸ் பிடிச்சிட்டுப் போன அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் செத்ததுல இருந்து கஸ்டடிங்கற வார்த்தைய கேட்டாலே எங்க வீட்ல பதறும்.

எங்க வக்கீல் உக்கார வச்சு பொறுமையா சொன்னாரு. பி.டி. வாரண்ட்னா ஜெயில்ல இருக்குற ஆள இன்னொரு கேஸுக்காக அந்த கோர்ட்ல கொண்டுவந்து நிறுத்தச் சொல்ற உத்தரவு. முன்னாடி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி.ல 267வது பிரிவு, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 302. அதுல கூட்டிட்டுப் போனா நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக முடியாது, கோர்ட்டுக்குத்தான். அங்க அந்த கேஸ்லயும் ரிமாண்ட் ஆனப்புறம், விசாரிக்கணும், பொருள ரெக்கவரி பண்ணணும்னு போலீஸ் தனியா கஸ்டடி மனு போடணும், மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் போட்டாதான் ஆள் போலீஸ் கைக்குப் போவான். அதுவும் மொத்தமா 15 நாளுக்கு மேல கிடையாது. பழைய சட்டத்துல அத ரிமாண்ட் ஆன முதல் 15 நாளுக்குள்ளயே எடுக்கணும், 2024 ஜூலைல புது சட்டம் வந்ததுக்கு அப்புறம் அந்த 15 நாள பிச்சுப் பிச்சு எடுக்கலாம், கேஸப் பொறுத்து முதல் 40 நாள் இல்ல 60 நாளுக்குள்ள. இது குடும்பத்துக்கு ரொம்ப கஷ்டம், ஏன்னா ஒரு தடவ போயிட்டு வந்தாச்சுன்னு நிம்மதியா இருக்க முடியாது, மறுபடி கேக்கலாம்.

இதுல நான் எல்லார்ட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது, கஸ்டடி மனு விசாரணைக்கு வர்ற அன்னைக்கு கோர்ட்ல கண்டிப்பா வக்கீலோட இருங்க. எங்களுக்கு ஸ்டேஷன் தரப்புல இருந்து, நாங்க நல்லா பாத்துக்குறோம்மா, நீங்க எதுக்கு அலையறீங்கன்னுதான் சொன்னாங்க. வாயால சொல்றத வச்சு நாளைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ஆர்டர்ல எழுதினாதான் அது நிக்கும். எங்க வக்கீல் மனுவ எதிர்த்தாரு, அது முடியலன்னா இந்த நிபந்தனையெல்லாம் போடுங்கன்னு எழுதியே கொடுத்தாரு. கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியும் திரும்பக் கொண்டுவரும்போதும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டாக்டர் பாக்கணும், விசாரணை நேரத்துல வக்கீல் வந்து பாக்க விடணும், எந்த ஸ்டேஷன்ல வைக்கிறாங்கன்னு வீட்டுக்கு சொல்லணும், இத்தன மணிக்குள்ள திரும்ப கோர்ட்ல நிறுத்தணும். இதுல பாதி, கைதானவங்கள எப்படி நடத்தணும்னு வந்த டி.கே. பாசு தீர்ப்புல 1996லயே சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான், கஸ்டடில இருக்குறவர 48 மணி நேரத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாக்கணும்னு அதுல இருக்கு. மாஜிஸ்ட்ரேட் அம்மா தம்பியப் பாத்து, போக சம்மதமா, ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. அவன், பயமா இருக்கும்மான்னு சொன்னான். அத எழுதிக்கிட்டாங்க. போலீஸ் கேட்ட நாள்ல பாதிகூட கொடுக்கல, நாங்க கேட்ட நிபந்தனை எல்லாம் ஆர்டர்ல வந்துச்சு.

ஆஸ்பத்திரில நடந்தத சொல்லணும். டியூட்டி டாக்டர் கேசுவாலிட்டில கூட்டத்துக்கு நடுவுல நிமிர்ந்து பாத்துட்டு, ஏதாவது வலி இருக்கான்னு கேட்டுட்டு எழுதப் போயிட்டாரு, ரெண்டு பக்கமும் போலீஸ் நிக்குறாங்க, அவன் என்ன சொல்லுவான்? வக்கீலோட ஜூனியர்தான் மரியாதையா, சார் சட்டையக் கழட்டிப் பாருங்க, அவங்கள கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்கன்னு கேட்டாரு. டாக்டரும் எந்திரிச்சு திரைய இழுத்து விட்டு முதுகு, உள்ளங்கால் வரைக்கும் பாத்தாரு. முழங்கைல பழைய தழும்பு ஒண்ணு இருந்துச்சு, பழசுன்னே எழுதினாரு. போறதுக்கு முன்னாடி உடம்பு எப்படி இருந்துச்சுங்கறது பேப்பர்ல இருந்தாதான் பின்னாடி புதுசா ஒரு காயம் வந்தா கேக்க முடியும்.

ஸ்டேஷன்ல வக்கீலுக்கு அவனைப் பாக்க விட்டாங்க, விசாரணை முழுக்க கூட உக்கார சட்டத்துல உரிமை இல்ல, நடுவுல சந்திக்கத்தான் இருக்கு. தம்பிகிட்ட அவர் சொன்னது ரெண்டே விஷயம், வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாத, தெரியாதத தெரியும்னு சொல்லாத. போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலத்த வச்சு குத்தவாளின்னு சொல்ல முடியாது, ஆனா நீ காட்டின இடத்துல பொருள் கிடைச்சா அது சம்பந்தமா சொன்னது மட்டும் கோர்ட்ல நிக்கும்னு புரிய வச்சாரு. வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் சாட்சியா வச்சுக்கிட்டு ஒரு ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அங்க ஒண்ணும் கிடைக்கல. இன்னொண்ணு, புது சட்டத்துல கஸ்டடின்னா போலீஸ் ஸ்டேஷன்லதான் வைக்கணும்னு தெளிவா இருக்கு, லாட்ஜ், தோட்டத்து வீடுன்னு வச்சாங்கன்னு தெரிஞ்சா உடனே வக்கீல்கிட்ட சொல்லிருங்க.

சொன்ன நேரத்துக்குள்ள கோர்ட்ல நிறுத்தினாங்க, மாஜிஸ்ட்ரேட் திரும்ப, அடிச்சாங்களான்னு கேட்டாங்க, இல்லன்னான். தூங்க விடலன்னு மட்டும் சொன்னான், அதையும் பதிவு பண்ணாங்க. அதுக்கப்புறம் மறுபடி ஜெயில்.

முதல் கேஸ்ல பெயில் வந்துட்டா வெளிய வந்துருவான்னு நினைக்காதீங்க, பி.டி.ல வந்த கேஸுக்கும் தனியா பெயில் போட்டு ரெண்டு ஆர்டரும் ஜெயிலுக்குப் போய்ச் சேரணும். அதுக்கு ஜாமீன்தாரர்களும் வேற ஆளா இருந்தா நல்லது, நாங்க பெரியப்பாவையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் அலைய வச்சோம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்க 15100க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுல எழுதிக் கொடுங்க, காவல்ல இருக்குறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் தரணும்னு சட்டமே இருக்கு. கஸ்டடி மனு போட்டுட்டாங்கன்னு காதுல விழுந்த அன்னைக்கே போங்க.