பண்ணைப் பாலத்தில் கொடுவா: கடைசியில் முடிச்சு நின்றது

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில், மீன் மூன்று தரம் நூலை அறுத்துக்கொண்டு போன இடத்திலேயே இந்த மாசியில் 3 கிலோ 200 கிராம் கொடுவா ஏறியது. தூண்டிலும் இரையும் பழையவைதான், மாறியது முடிச்சு மட்டும்.

வழுக்கையாறு மழையோடு ஓடி மழையோடு அடங்குகிற ஆறு. மாசியில் ஓடுதண்ணீர் வேண்டுமென்றால் கடலேரிக்கு மேலால் போகிற பண்ணைப் பாலத்துக்கோ நாவற்குழிப் பாலத்துக்கோதான் போகவேண்டும். வாடை தணிந்து கடலேரி தெளிகிற காலம். பூரணைப் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் முன்பின் இரண்டு நாள், பொழுதுபடுகிற நேரத்தோடு வற்று (நீர் இறக்கம்) தொடங்கினால் விடவே கூடாது. பாலத்துக்குக் கீழே நீர் இறுகி ஓடும். கொடுவா ஓட்டத்துக்குள் நிற்காது, தூணுக்குப் பின்னால் சுழிகிற அமைதியில் நின்று வருகிறதை மறிக்கும். ஓட்டம் வருகிற பக்கம் போட்டு, இரையைத் தானாக இறங்க விடுங்கள்.

8 அடி றொட் (தடி), 4000 அளவு ரீல், 20 இறாத்தல் தாங்குகிற பிரெயிட் (பின்னல் நூல்), 40 இறாத்தல் தங்கூசியில் (ஒற்றை நைலோன் இழை) 70 சென்ரிமீற்றர் லீடர் (தூண்டிலுக்கும் பிரெயிட்டுக்கும் நடுவில் வருகிற துண்டு), 2/0 அளவுத் தூண்டில். கொடுவாவின் செவுள்மூடி கத்தி மாதிரி, தூணில் ஒட்டின சிப்பி அதைவிட மோசம். லீடர் இல்லாமல் பிரெயிட் நிற்காது. ஆனால் எனக்கு அறுந்ததெல்லாம் லீடரில் அல்ல, இரண்டும் சேருகிற இடத்தில்.

அந்த இரண்டையும் சேர்க்க இப்போது கட்டுவது எஃப்.ஜி. முடிச்சு. அதில் பிரெயிட் கம்பி மாதிரி இறுகி நிற்கவேண்டும். ஒரு பக்கத்தைப் பல்லிலும் மறுபக்கத்தைச் சின்னவிரலிலும் பிடித்து, தங்கூசியை மேலால் ஒருதரம், கீழால் ஒருதரம் என்று 20 சுற்று. ஒரு சுற்று மற்றதன் மேல் ஏறினாலும் அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஏறின இடத்தில்தான் வழுகும். இரண்டு அரைமுடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு, இரண்டு நூலையும் கைக்குத் துணி சுற்றி இழுக்கவேண்டும். பிரெயிட் தங்கூசிக்குள் பதிந்து நிறம் கறுக்கும். கறுக்கும்வரை மிச்சத் தங்கூசியை வெட்டவே வேண்டாம். என்னுடைய பிழை இதுதான்: முதலில் வெட்டிவிட்டு இறுக்கினேன். வெட்டின பிறகு பிரெயிட்டின் மேல் இன்னும் ஐந்து அரைமுடிச்சு. காற்றில் பாலத்தில் நின்று கட்டுகிற வேலை அல்ல இது, வீட்டிலேயே மூன்று லீடர் கட்டிச் சுற்றிக்கொண்டு போங்கள்.

தங்கூசி வாங்கும்போது ஒரு முழம் இழுத்து விட்டுப் பாருங்கள். சுருள் நிமிராவிட்டால் வேண்டாம், இரை சுழன்றுகொண்டே இருக்கும். இரைக்கு உயிர் இறால் வேண்டுமென்றால், கடலேரியில் கம்பு நட்டு வலை கட்டுகிற சிறகுவலைக்காரரிடம் விடியவே கேட்டுப் பார்க்கலாம். அந்த வலைக்கம்புகளுக்குக் கிட்ட மட்டும் எறியாதீர்கள், அது அவர்களுடைய சோறு. வாளிக்குக் கடலேரித் தண்ணீரே வேண்டும், கிணற்றுத் தண்ணீர் விட்டால் இறால் செத்துப்போகும். தூண்டிலை இறாலின் தலைக்கொம்பின் அடியில், உள்ளே தெரிகிற கறுப்புப் பொட்டுக்கு முன்னால் ஏற்றுங்கள். பொட்டில் பட்டால் அந்த இறால் முடிந்தது.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை நகத்தால் தடவிப் பார்க்கிறேன், சொரசொரத்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் தூண்டிலைத் திரும்பக் கட்டுகிறேன். 80 சென்ரிமீற்றருக்கு மேல் வந்தால் விட்டுவிடத்தான் எண்ணம். கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன், அந்தப் பருமனில் உள்ளது அநேகமாகச் சினைக்காரி. பங்குனிப் பறுவத்துக்கு நாவற்குழிப் பாலத்தில் 50 இறாத்தல் லீடரோடு பார்க்கவேண்டும். அந்தத் தடிப்பில் 20 சுற்றுப் போதுமா என்று இந்தக் கிழமை வீட்டில் வாளியைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறேன்.