வால்யூம் அதேதானே தம்பி?

"வால்யூம் அதேதானே தம்பி?"

"அதேதான் சார்."

இவ்வளவுதான் நடந்தது. கேட்டவர் எங்கள் ஆடியோ கடைக்கு வந்த வாடிக்கையாளர். வீட்டு வயரையும் எங்கள் கேபிளையும் மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, புதுக் கேபிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மீட்டருக்கு 4,500 ரூபாய். ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் வீதம் இரண்டுக்கும் 27,000.

சொன்னது பொய்தானா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஸ்பீக்கர் கேபிளை மாற்றும்போது ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைத்துவிட வேண்டும். செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்புக்குள் இருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அணைக்கும் முன் வால்யூமை இறக்குவது கைப்பழக்கம். மாற்றி முடித்ததும் திரும்ப ஏற்றினேன். குமிழின் கோடு முன்பு பத்து மணியில் இருந்தது, பிறகும் பத்து மணியில்தான் நின்றது, கண்ணளவில். அந்த இடத்தில் ஒரு நூல் தள்ளினாலே சத்தம் அரை டெசிபல் மாறிவிடும் என்பது எனக்குத் தெரியும். தள்ளியிருந்தால் எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பதும் தெரியும்.

அரை டெசிபல் கூடினால் யாரும் 'சத்தம் கூடிடுச்சு' என்று சொல்வதில்லை. 'தெளிவா இருக்கு' என்பார்கள், 'பேஸ் நிறைஞ்சு வருது' என்பார்கள். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகளைத்தான், முதலில் கைவிடும். 1933-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைந்த வளைகோடுகளில் இருப்பது இதுதான். ஏற்றினால் அது திரும்பி வருகிறது. "மிருதங்கத்தோட தொப்பி இப்பதான் தம்பி கேக்குது" என்றார் அவர். தொப்பி என்பது மிருதங்கத்தின் பேஸ் பக்கம். கேட்டுத்தான் இருக்கும்.

இரண்டு கேபிளுக்கும் வால்யூமை முறையாகச் சமன் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. 400 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் ஒலி) ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் அளக்க வேண்டும். ஆம்பின் முனையில் அல்ல. அங்கே அளந்தால் கேபிளில் போகும் இழப்பு கணக்கில் வராது. சாதாரண மீட்டர்கள் பலவும் கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் ஏறினால் தப்பாகக் காட்டும் என்பதால்தான் 400. முதல் கேபிளில் 2.00 வோல்ட் என்றால் அடுத்ததிலும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே நிற்க வேண்டும். 1 சதவீதப் பிசகு என்பது 0.1 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு, பாதகமில்லை. அப்புறம் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று சொல்லாமல் 16 தடவை போட வேண்டும். 12 சரியாகச் சொன்னால் யோசிக்கலாம். 10-ஓ அதற்கு மேலோ சரி என்பதெல்லாம் காசு சுண்டினாலே நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை விழும்.

மீட்டர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வயரும் யோக்கியமில்லை. செம்பின் குறுக்களவு 0.75 சதுர மில்லிமீட்டர். போகவர 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.15 ஓம் மின்தடை, 8 ஓம் ஸ்பீக்கரில் 0.16 டெசிபல் இழப்பு. முனைகள் வேறு கறுத்துப் போயிருந்தன. ஆக, புதுக் கேபிள் நிஜமாகவே ஒரு சுண்டைக்காய் அளவு மேலாக இருந்திருக்கலாம். ஆனால் அதே நன்மை எலெக்ட்ரிகல் கடையில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிலும் கிடைக்கும், இழப்பு 0.05 டெசிபல்தான். முனையை ஒரு சென்டிமீட்டர் புதிதாகச் சீவி, இழைகளை முறுக்கி, இரண்டு ஸ்பீக்கரிலும் பிளஸ் மைனஸ் மாறாமல் இறுக்கினால் முடிந்தது. (ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும். 'கேபிள் சரியில்லை' என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று.) இதைச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

உறுத்துவது அதுகூட இல்லை. அரை மணி நேரம் முன்புதான் சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் பூசினால் ஒலி மேம்படுமா என்று கேட்டிருந்தார். சிதறும் லேசர் ஒளியைப் பச்சை மை உறிஞ்சிவிடும் என்பது அந்த நம்பிக்கை. வேண்டாம் சார் என்று உட்கார்ந்து விளக்கினேன். பிளேயரின் லேசர் அலைநீளம் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதற்கும் அந்த ஒளியை அது உறிஞ்சுமா என்பதற்கும் சம்பந்தமில்லை. தட்டில் பிழை வந்தாலும் திருத்தும் ஏற்பாடு பிளேயருக்குள்ளேயே இருக்கிறது. பூசும் முன்பும் பின்பும் கம்ப்யூட்டரில் எடுத்து ஒப்பிட்டால் ஒரு பிட்கூட மாறியிருக்காது. கேட்டுவிட்டுச் சிரித்தார். "வேற கடைன்னா பேனாவைத் தலையில கட்டியிருப்பான்" என்றார். அதனால்தான் வால்யூமைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டார். குமிழைக் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தத் தம்பி உள்ளதைச் சொல்லும்" என்று அறிமுகம் வேறு. நான் எதுவும் பேசாமல் மீட்டரை எடுத்தேன். 2.00, 2.00. மாற்றி மாற்றிப் போட்டேன். நண்பர் உதட்டைப் பிதுக்கினார், ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"எனக்குத் தெரியுதே" என்றார் இவர்.