செட்டிநாட்டுப் பள்ளிவாசல்களுக்குள் போகிறவர்களுக்கு

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே வந்தால் முதலில் திருமயம் கோட்டை. அதைத் தாண்டி மதுரைச் சாலையைப் பிடித்தால் காட்டுபாவா பள்ளிவாசல். திரும்பிக் காரைக்குடிக்கு வந்து, தேவகோட்டை வழியாகக் கிழக்கே போனால் தொண்டிக் கடற்கரை. செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இந்தச் சாலைகளில்தான் போய் வருகிறார்கள். கானாடுகாத்தான் வளவு வீடுகளிலும் பிள்ளையார்பட்டியிலும் அரை நாள் செலவிடுகிறவர்கள், வழியில் வரும் பள்ளிவாசல்களை மட்டும் வாசலோடு பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே சிலை இல்லை, சித்திரம் இல்லை, பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் காரணம். பார்க்க நிறையவே இருக்கிறது. தொழுகை என்பது தண்ணீரையும் திசையையும் நிழலையும் அளந்து செய்யும் வணக்கம். அந்த அளவுகள் தெரிந்துவிட்டால் பள்ளிவாசலின் ஒவ்வொரு மூலையும் எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் இல்லை, முஹம்மது நபி (ஸல்) அவனுடைய தூதர் என்ற கலிமா, ஐவேளைத் தொழுகை, ரமளான் நோன்பு, ஸகாத் என்ற கட்டாயக் கொடை, வசதி உள்ளவருக்கு ஆயுளில் ஒருமுறை ஹஜ். இவை ஐந்தும் கடமை. மக்காவில் 610ஆம் ஆண்டு நபிக்கு முதல் இறைச்செய்தி வந்தது. 622இல் மதீனாவுக்கு இடம்பெயர்ந்து ஹிஜ்ரத் போனார்கள்; ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான். 632இல் நபி மறைந்தார்கள்.

செட்டிநாட்டுக்கு வருபவருக்கு அதைவிடப் பயன்படும் வரலாறு வேறொன்று. சட்ட அறிஞர் இமாம் அபூ ஹனீஃபா 767இல் பக்தாதில் காலமானார். அதே ஆண்டில் இமாம் ஷாஃபி பிறந்தார். குர்ஆனும் நபிவழியும் ஒன்றுதான் என்றாலும், அன்றாடச் செயல்முறையில் இருவருடைய வழிகளும் சில இடங்களில் பிரியும். நிலவழியாக வடக்கிலிருந்து பரவியது அபூ ஹனீஃபாவின் ஹனஃபி மத்ஹபு (சட்ட வழி). அரபுக் கடலோடிகளோடு கேரளத்துக்கும் கீழக்கரைக்கும் ஜாவாவுக்கும் போனது ஷாஃபி மத்ஹபு. இன்றும் உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. செட்டிநாடு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. இரண்டு வழிகளையும் ஒரே நாள் பயணத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வட்டாரம் தமிழ்நாட்டில் குறைவு.

முதலில் தண்ணீர். பழைய பள்ளிவாசல்களில் தொழும் கூடத்துக்கு முன்னால் ஒரு தொட்டி இருக்கும், ஹவுள் என்பார்கள். அதன் அளவு கொத்தனார் விருப்பத்தில் வந்ததல்ல. ஹனஃபி வழியில் பத்து முழத்துக்குப் பத்து முழம் மேற்பரப்பு இருந்தால் அந்தத் தண்ணீர் ஓடும் நீருக்குச் சமம். பதினெட்டு அங்குல முழத்துக்கு 15 அடிக்கு 15 அடி வரும். ஆழம், கையால் அள்ளும்போது தரை தெரியாத அளவு இருந்தால் போதும். அசுத்தம் ஏதாவது விழுந்தாலும் நிறமோ சுவையோ வாடையோ மாறாத வரை அந்த நீர் கெடாது. ஷாஃபி வழியில் பரப்பைப் பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு குல்லத் என்பது அளவு, ஏறக்குறைய 200 லிட்டர். அதற்குக் குறைவான நீரில் ஒரு துளி அசுத்தம் விழுந்தாலும் முழுவதும் கெட்டுவிடும். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துத் தண்ணீரைக் காத்த வறண்ட சீமை இது. இந்தச் சட்டத்தின் நியாயம் இங்கே யாருக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளுவின் முறையை ஹவுள் ஓரத்தில் நின்றே பார்க்கலாம். மணிக்கட்டு வரை கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, ஈரக்கையால் தலை, காது, கடைசியில் கணுக்கால் வரை கால். கழுவும் உறுப்புகளை மும்மூன்று முறை கழுவுவது நபிவழி. கட்டாயக் கடமை ஹனஃபியில் நான்குதான்: முகம், கைகள், தலையில் கால்பாகம் தடவுவது, கால்கள். ஷாஃபியில் ஆறு, நிய்யத்தும் (மனதில் எண்ணம் கொள்வதும்) வரிசை மாறாமையும் கூடுதல், தலையில் சிறிது தடவினாலே போதும். தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். குதிகாலின் பின்பக்கம் நனையாமல் போகும். முழங்கை மடிப்பு விடுபடும். மோதிரத்துக்கு அடியிலோ நகச்சாயத்துக்கு அடியிலோ நீர் இறங்காது. ஊசிமுனை அளவு நனையாமல் விட்டாலும் ஒளு நிறைவேறாது, ஒளு இல்லாத தொழுகையும் நிறைவேறாது.

நபியவர்கள் ஒரு ‘முத்து’ (அரபு முகத்தல் அளவை) தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். முக்கால் லிட்டர் அளவு என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்தால் இதைப் போலப் பல மடங்கு சாக்கடைக்குப் போகிறது. ஹவுளை மூடிவிட்டுக் குழாய் வரிசை வைத்த பள்ளிவாசல்களில் இது பெரிய இழப்பு. குழாயைச் சிறு நூலாகத் திறப்பதும், தலை தடவும்போது மூடுவதும் மார்க்கக் கடமையோடு ஒட்டிய பழக்கம்தான், வெறும் சிக்கனம் அல்ல.

அடுத்தது திசை. தமிழ்நாட்டில் மேற்கு நோக்கித் தொழுவார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். நோக்குவது மேற்கை அல்ல, மக்காவில் உள்ள கஅபாவை. காரைக்குடியிலிருந்து கஅபா சுமார் 4,300 கி.மீ. தொலைவில், நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்து இருக்கிறது. திசைகாட்டியில் 292 பாகை. செட்டிநாட்டுத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுபவை. நேர் மேற்கில் அமைந்த மனையில் பள்ளிவாசல் கட்டினால் சுவர் ஒரு பக்கம் பார்க்கும், கிப்லா, அதாவது கஅபாவின் திசை, வேறு பக்கம் இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் தரையிலோ பாயிலோ தொழுகை வரிசைக்கான கோடுகளைச் சாய்வாகப் போட்டிருப்பார்கள். விவரம் தெரியாதவர் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார், வரிசை கோணும். கோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். பழைய கட்டடம் சற்றுத் திரும்பி இருந்தாலும் அதில் தொழுதவர்களின் தொழுகை வீண் என்று யாரும் பதற வேண்டாம். தொலைவில் இருப்பவருக்குத் திசையின் பக்கம் முகம் இருந்தால் போதும், இருபுறமும் 45 பாகைக்குள் சாய்வு வந்தாலும் தொழுகை செல்லும் என்பது ஹனஃபி அறிஞர்களின் தீர்ப்பு.

கைபேசியின் திசைகாட்டியை அப்படியே நம்பக் கூடாது. இரும்புத் தூணுக்கும் காருக்கும் பக்கத்தில் அது தடுமாறும். வானத்திலேயே நம்பகமான அளவுகோல் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வரும்: மே 28ஐ ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48, ஜூலை 16ஐ ஒட்டி பிற்பகல் 2.57. அந்த நிமிடத்தில் சமதரையில் ஒரு கழியைத் தூக்குநூல் வைத்து நேராக நட்டால், நிழலின் நுனியிலிருந்து கழியின் அடியை நோக்கிப் போகும் கோடுதான் கிப்லா. ஒரு நாள் முன்பின் ஆனாலும் வேறுபாடு மிகச் சிறிது. அக்னி வெயில் காலத்தில் செட்டிநாட்டில் மேகம் மறைக்கும் கவலையும் குறைவு.

இனி நிழல். லுஹர் எனும் நண்பகல் தொழுகையின் நேரம் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. காரைக்குடியில் அது நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பும், பிப்ரவரி நடுவில் 12.29 அளவிலும் நிகழும். பிற்பகல் தொழுகையான அஸர் எப்போது என்பதில்தான் இரு வழிகளும் பிரிகின்றன. நட்ட கழியின் நிழல், உச்சிநேர நிழலைக் கழித்து, கழியின் ஒரு மடங்கு நீளம் ஆனதும் ஷாஃபியில் அஸர் நுழைந்துவிடும். ஹனஃபியில் இரண்டு மடங்கு ஆக வேண்டும். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் இந்த வட்டாரத்தில் உச்சிப்பொழுதில் நிழலே விழாது. கணக்கைக் கண்ணால் சரிபார்க்க அதுவே நல்ல நாள். இரண்டு அஸருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். தொண்டிப் பக்கம் அஸர் தொழுதுவிட்டு எழுகிற நேரத்தில் உள்நாட்டில் பாங்கு சொல்லியிருக்க மாட்டார்கள்.

உள்ளே நின்று கேட்டாலே அது எந்த வழிப் பள்ளி என்று தெரிந்துவிடும். தொழுகை தொடங்கும் முன், பாங்கு சொல்பவரான மோதினார் சொல்லும் இகாமத்தில் ஹனஃபியில் சொற்றொடர்கள் இரண்டிரண்டு முறை வரும், ஷாஃபியில் பெரும்பாலும் ஒவ்வொரு முறை. தொழுகையை நடத்தும் இமாம், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவை ஓதி முடித்ததும் கூட்டம் உரக்க ஆமீன் சொன்னால் ஷாஃபி, மனதுக்குள் சொன்னால் ஹனஃபி. அதிகாலைச் சுப்ஹுத் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) நின்று கையேந்திக் குனூத் எனும் பிரார்த்தனையை ஓதுவது ஷாஃபி வழக்கம். ஒருவர் பின்னால் மற்றவர் தொழுவதற்கு இது எதுவும் தடையில்லை.

பயணிகளுக்குச் சலுகை உண்டு. சுப்ஹு 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் (அந்தி) 3, இஷா (இரவு) 4 என்று ஒரு நாளின் கடமை 17 ரக்அத். சுமார் 78 கி.மீ.க்கு மேல் பயணம் வந்தவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவார். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரைக்குடிக்கு வருபவருக்கு இது பொருந்தும், புதுக்கோட்டையிலிருந்து வருபவருக்குப் பொருந்தாது. ஷாஃபியில் தூரம் சற்றுக் கூடுதல். ஆனால் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபியில் அப்படிச் சேர்ப்பது ஹஜ்ஜின்போது மட்டுமே. அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: உள்ளூர் இமாமின் பின்னால் தொழும் பயணி இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிடுகிறார். அது கூடாது. இமாம் நான்கு தொழுதால் பின்னால் நிற்பவரும் நான்கு தொழ வேண்டும்.

ரமளானில் வந்தால் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகளோடு வரிசை நிற்கும். நோன்புக் கஞ்சி வாங்க எந்த மதத்தவரும் நிற்கலாம். இதற்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. வீட்டு அளவில் ஒரு கிலோ பச்சரிசிக் குருணைக்குக் கால் கிலோ சிறுபருப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம், பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். பட்டை, கிராம்பு, ஏலம், வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, புதினா, மல்லி வதக்கி, விருப்பப்பட்டால் கால் கிலோ கைமாவும் சேர்த்து, கொதிக்கும் நீரில் அரிசியும் பருப்பும் போட வேண்டும். அரிசி குழைந்த பிறகு கிளறுவதை நிறுத்தினால் அடி பிடித்துவிடும், அந்த வாடை முழு அண்டாவுக்கும் ஏறும். தேங்காய்ப்பாலை இறக்கும் முன் ஊற்றி ஒரு நுரை கட்டியதும் அடுப்பை அணைக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சமைப்பவரும் நோன்பாளி என்பதால் சுவை பார்ப்பதைத் தவிர்க்கிறார், ஆகவே உப்பை அளந்துதான் போடுகிறார்கள்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு உள்ளூர் அட்டவணையையே பாருங்கள். சென்னைக் கணக்கு இங்கே உதவாது. காரைக்குடி மேற்கே தள்ளி இருப்பதால் பொழுது சாய்வது தாமதம். மார்கழியில் அந்த வேறுபாடு பத்து நிமிடத்தையும் தாண்டும். சூரியன் மறைய ஒரு நிமிடம் இருக்கும்போது பேரீச்சம்பழத்தை விழுங்கினாலும் அந்த நோன்பு போயிற்று, பிறகு ஒரு நாள் அதற்கு ஈடாக நோன்பு வைத்துக் களாச் செய்ய வேண்டும்.

ஸகாத் பற்றிய ஒரு குறிப்பு, நகை சேர்க்கும் சீமை என்பதால். 87.48 கிராம் தங்கம், அதாவது ஏறக்குறைய 11 பவுன், ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபிக் கணக்கு. அணியும் நகையும் அதில் சேரும்; 20 பவுன் வைத்திருப்பவர் அரைப் பவுன் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஷாஃபியில் வழக்கமான அளவுக்கு அணியும் நகைக்கு ஸகாத் இல்லை. இரண்டு வழிக் குடும்பங்களுக்குள் சம்பந்தம் நடந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும், மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டு முன்கூட்டியே தெளிந்துகொள்வது நல்லது.

காட்டுபாவா பள்ளிவாசல் வேறு வகை. பெயரில் பள்ளிவாசல் என்று இருந்தாலும் மக்கள் கூடுவது தர்காவுக்கு, பாபா ஃபக்ருத்தீன் என்ற இறைநேசர் அடங்கிய இடத்துக்கு. வழிப்பறிக்காரர்களிடமிருந்து பெண்களைக் காக்கப் போய் உயிர்விட்டவர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வருகிறார்கள். தர்கா வழக்கங்கள் குறித்து முஸ்லிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கபுரை, அதாவது அடக்கம் செய்த இடத்தை, சந்திப்பதும், அடங்கியவருக்கு ஸலாம் சொல்வதும், அல்லாஹ்விடம் துஆ கேட்பதும் நபிவழியில் உள்ளவை. கபுருக்கு ஸஜ்தா செய்வதை (நெற்றி தரையில் பட வணங்குவதை) எந்த ஆலிமும் ஏற்பதில்லை. இறைநேசரை முன்வைத்துக் கேட்பதும் சந்தனக்கூடும்தான் வாதத்துக்கு உரியவை. இங்கே வருபவர்களின் கண்ணீரும் நம்பிக்கையும் உண்மையானவை. அந்த வாதத்தை வாசலில் வைத்து நடத்துவது முறையல்ல.

கபுர்கள் வடக்கு தெற்காக நீண்டிருப்பதைக் கவனியுங்கள். வலப்பக்கம் சாய்த்து முகம் கிப்லாவைப் பார்க்க அடக்குவதால் இந்த மண்ணில் தலை வடக்கே வருகிறது. கபுர்களை மிதிக்கவோ தாண்டவோ கூடாது, மேலே உட்காரவும் கூடாது.

செருப்பைப் படிக்கு வெளியே விடுங்கள். தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். வெள்ளிக்கிழமை 12.30 முதல் 2 மணி வரை ஜும்ஆக் கூட்டம் இருக்கும், சுற்றிப் பார்க்க அது நேரமல்ல. குத்பா எனும் உரை நடக்கும்போது பேசுவது தொழ வந்தவருக்கே கூடாது. பல பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் இல்லை, மோதினாரிடமோ ஜமாஅத்தாரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். படம் எடுக்கவும் அப்படியே. காட்டுபாவா உரூஸ் (ஆண்டு விழா) ரபீயுல் ஆகிர் மாதத்தில். சந்திர மாதம் என்பதால் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பிறை பார்த்து நாள் உறுதியான பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.